வேண்டாம் என்று சொன்ன சிலிண்டர்

போர்சே,
லோசார் புத்தாண்டு முடிந்த மறுவாரம்.

அன்புத் தம்பி கெல்ஜெனுக்கு அக்கா யாங்ஜி எழுதிக்கொள்வது. நீயும் உன் வீட்டுக்காரி டிக்கியும் சுகமாகத்தான் இருப்பீர்கள். காட்மாண்டுவில் காற்று அழுக்காக இருந்தாலும் நிறைய இருக்கிறது, மூச்சுக்குப் பஞ்சமில்லை. இங்கே நாங்களும் சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அதனால் எழுதவில்லை.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே நீ, "அக்கா, சிக்னல் போகுது" என்கிறாய். போன வாரம் உன் சிக்னல் போன பிறகும், உன் பக்கத்தில் யாரோ மோமோவுக்கு இன்னும் கொஞ்சம் சட்னி கேட்டது எனக்கு நன்றாகவே கேட்டது. காகிதத்துக்கு சிக்னல் போகாது. லுக்லாவுக்கு இறங்கும் பெம்பாவிடம் கொடுத்துவிடுகிறேன், அவன் விமானத்தில் வரும் யாரிடமாவது சேர்த்துவிடுவான். முழுக்கப் படித்துவிட்டு எழுந்திரு.

ஊர்ச் செய்தி என்று பெரிதாக ஒன்றுமில்லை. பனி இந்த வருடம் குறைவு. குழியில் மூடிவைத்த உருளைக்கிழங்கு அழுகாமல் தப்பித்தது. என் விடுதியின் பின்பக்கத் தகரம் காற்றில் பறந்து பக்கத்து வீட்டு வேலியில் விழுந்தது. அதற்கு அவர்கள் என்னோடு சண்டைக்கு வந்தார்கள், நானும் விடவில்லை.

இப்போது விஷயம். உன் மலையேற்றக் கம்பெனி அனுப்பிய இந்த வருட ஒப்பந்தத்தை உன் அத்தான் அடுப்பு முன்னால் உட்கார்ந்து எனக்கு வாசித்துக் காட்டினார். மேலே ஏறும் வழிகாட்டிகளுக்கு, போன வருடம் போலவே, ஆளுக்கு ஒரு ஆக்ஸிஜன் சிலிண்டர் குறைவு. காரணமும் எழுதியிருக்கிறாய். ஷெர்பாக்களின் உடம்பு ஆக்ஸிஜனைச் சிக்கனமாகச் செலவழிக்கிறது என்று ஆராய்ச்சி சொல்கிறதாம். வழிகாட்டிகளிடமே கேட்டீர்களாம், அவர்களும் தேவையில்லை என்றார்களாம். கீழே உன் கையெழுத்து. போன வருடம் என் புருஷனைச் சாகக் கிடத்திய அதே வாசகம். மறுபடி எழுத உனக்குக் கை கூசவில்லையா?

அந்த ஆராய்ச்சியை நானும் பார்த்தவள்தான். நாம்சேயில் அறை பிடித்து, எங்கேயும் போகாத ஒரு சைக்கிளை நடுவில் வைத்து, நம் ஆட்களின் மூக்கையும் வாயையும் மூடிக் குழாய் மாட்டி மிதிக்கவிட்டார்கள். கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்கள். "ஊர் போய்ச் சேராத சைக்கிளுக்கு எதுக்குய்யா இவ்ளோ மூச்சு வாங்குற?" என்று எல்லோரும் உன் அத்தானைக் கிண்டல் செய்தார்கள். கடைசியில் அந்த ஆராய்ச்சிக்காரம்மா சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. காற்று குறைந்த இடத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்ததால், உள்ளே போகிற கொஞ்சம் ஆக்ஸிஜனை நம் சதை வீணாக்காமல் எரிக்கிறதாம். சரி, சந்தோஷம். கொஞ்சம் வெண்ணெயில் நின்று எரிகிற விளக்கு என்றால் வெண்ணெயே ஊற்ற வேண்டாம் என்று அர்த்தமா? அந்த அம்மாள் அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீதான் அதைக் கம்பெனி விளம்பரத்தில் போட்டு, "எங்கள் நுரையீரலே வேறு" என்று மார்தட்டினாய். எந்த நுரையீரலடா உனக்கு? லுக்லாவில் விமானம் இறங்கினாலே தலைவலி மாத்திரை தேடுகிற ஆள் நீ.

போன வருடம் நடந்ததை நீ ஆபீஸில் உட்கார்ந்து கேட்டாய். நான் ஆஸ்பத்திரியில் அவர் பக்கத்தில் இருந்து பார்த்தேன். உச்சியிலிருந்து இறங்கும்போது கூட வந்த வெள்ளைக்காரருக்குக் கால் தளர்ந்துவிட்டது. அவருக்காகக் காத்து நின்ற நேரமெல்லாம் உன் அத்தான் தன் சிலிண்டரின் திருகைக் குறைத்துக் குறைத்து வைத்திருக்கிறார். அப்படியும் கடைசி முகாம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் அது காலி. அங்கிருந்து வெறும் காற்றில் அந்த ஆளையும் இழுத்துக்கொண்டு இறங்கினார். வெள்ளைக்காரர் ஊர் போய்ச் சேர்ந்து, உச்சியில் தான் மட்டும் நிற்கிற படம் ஒன்றை அனுப்பிவைத்தார். உன் அத்தானை ஹெலிகாப்டரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். நகமெல்லாம் நீலம். மார்பில் காது வைத்தால், கொதி வந்த கஞ்சி மாதிரி உள்ளே கொப்பளிக்கிற சத்தம்.

அங்கே இருந்த டாக்டர் பொக்காராக்காரப் பெண், உன் வயசுதான் இருக்கும். எனக்குப் புரியும்படி பொறுமையாகச் சொன்னாள். "அக்கா, நுரையீரல் உள்ளே கோடிக்கணக்குல குட்டிக் குட்டிப் பைங்க இருக்கு. சுவரு அவ்ளோ மெல்லிசு. இந்தப் பக்கம் காத்து, அந்தப் பக்கம் ரத்தம். நல்ல காத்து ரத்தத்துக்குள்ள போகும், ரத்தத்துல இருக்கிற கெட்ட காத்து இந்தப் பக்கம் வந்து வெளிய போயிடும். நாம மூச்சு விடறது இந்த மாத்திக்கிறதுக்குத்தான். அண்ணனுக்கு இப்ப அந்தப் பைங்கள்ல தண்ணி எறங்கிடுச்சு. எவ்ளோ இழுத்தாலும் காத்து ரத்தத்துக்குப் போய்ச் சேர மாட்டேங்குது" என்றாள். எங்க ஆளுங்க உடம்பு வேறயாமே என்று கேட்டேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "வேறதான். அதுக்காக ஆக்ஸிஜனே வேணாம்னு எந்த உடம்பு அக்கா சொல்லும்?" என்றாள். ஒரு தடவை இப்படி வந்தவர்களுக்கு மறுபடியும் வர வாய்ப்பு அதிகம், மலைக்குப் போயே ஆகவேண்டும் என்றால் சிலிண்டரில் குறை வைக்கக்கூடாது என்றும் சொன்னாள். அதை உனக்குப் போனில் சொன்னேன். அப்போதும் சிக்னல் போனது.

உன் கம்பெனி அறிக்கையில் என்ன எழுதியது? அவருக்கு ஏற்கெனவே சளி இருந்ததாம். மூக்குச் சளிக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாதவர்களா நீங்கள்? நான் வாய்விட்டே சொல்கிறேன், அதைப் படித்தபோது உன்னை என் தம்பி என்று சொல்லிக்கொள்ளவே எனக்கு வெட்கமாக இருந்தது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது ஒன்று இருக்கிறது. அவர் உடம்பு தேறி, முற்றத்தில் வெயில் காய ஆரம்பித்த நாட்களில் கேட்டேன், முதலாளி கேட்டபோது ஏன் வேண்டாம் என்று சொன்னீர்கள் என்று. அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "கேட்ட உடனே வேணும்னு சொல்றதா? நான் என்ன பரதேசியா? மறுபடி கேப்பாருன்னு பாத்தேன். அவரு அடுத்த ஆளைக் கேக்கப் போயிட்டாரு" என்றார். அடுத்த ஆளும் அப்படித்தான் சொல்லியிருக்கிறான். அதற்கடுத்தவனும். வரிசையாக எல்லோரும் மரியாதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இரண்டாவது தடவை கேட்பதற்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். உன் முதலாளி ஆளுக்கு ஒரு தடவை கேட்டுவிட்டு, நோட்டை மூடிவிட்டார்.

அவர் அப்படிக் கேட்ட கூட்டம் நடந்தது என் விடுதிச் சாப்பாட்டு அறையில். அன்று நான் உன் முதலாளிக்கு டீ ஊற்றினேன், போதும் என்றார். மறுபடி ஊற்றப் போனேன், போதும் என்றார். மூன்றாம் தடவை போனபோது கோப்பையைக் கையால் மூடிக்கொண்டு, உங்கள் அக்காவுக்குக் காது கேட்காதா என்று உன்னிடம் கேட்டார். நீ சிரித்தபடி அவருக்கு விளக்கம் சொன்னாய்: "எங்க ஊர்ல முதல் தடவை எல்லாருமே வேணாம்னுதான் சார் சொல்வாங்க, மூணு தடவையாவது கேக்கணும், அதுதான் மரியாதை." டீக்கு அதைச் சொல்லத் தெரிந்த உனக்கு, அடுத்த நிமிடம் சிலிண்டருக்குச் சொல்ல ஏன் வாய் வரவில்லை? உன் முதலாளி வெள்ளைக்காரர், அவருக்குத் தெரியாது, விட்டுவிடு. நீ இந்த வீட்டில் வளர்ந்தவன். உனக்குத் தெரியும், கெல்ஜென். அவர்கள் சொன்ன வேண்டாமைத் தெரிந்தே அப்படியே மொழிபெயர்த்தாய்.

மலைக்குப் போகாதீர்கள் என்று நான் அவரைத் தடுக்கப் போவதில்லை. அது அவர் வேலை, அதில் அவருக்கு மானம் இருக்கிறது. நான் கேட்பது குறைத்த சிலிண்டரை, அவருக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும். உன் முதலாளியிடம் உட்கார்ந்து பேசு. அக்கா திட்டிவிட்டாள் என்று மனம் கோணாதே. உன்னைத் திட்டுவதற்கு வேறு யார் இருக்கிறார்கள்? நன்றாக இரு.

உன் அக்கா,
யாங்ஜி.


போர்சே,
அவர் அடிவார முகாமுக்குக் கிளம்பிப் போன அன்று.

தம்பி கெல்ஜெனுக்கு,

நீ அனுப்பிய செய்தி வந்தது. "அக்கா, அத்தானுக்கே போன் பண்ணிக் கேட்டுட்டேன். வேணாம்னு அவரே சொல்லிட்டார். இனி நான் என்ன பண்ண?" அதைப் படித்துவிட்டுப் போனை மாவு டப்பாவுக்குள் போட்டேன். வெளியே இருந்தால் உடைத்திருப்பேன்.

அத்தனை பக்கம் எழுதியும் உனக்கு உறைக்கவில்லையா? ஒரு தடவை கேட்டாயாம். அதுவும் போனில். மனைவியின் தம்பி, கம்பெனி ஆள், பக்கத்தில் மற்ற வழிகாட்டிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த மனுஷன் உன்னிடம், ஐயா எனக்கு மூச்சு முட்டுகிறது என்று சொல்வார் என்றா எதிர்பார்த்தாய்? நீ அவரிடம் கேட்கவில்லை. கேட்டுவிட்டேன் என்று என்னிடம் காட்டுவதற்கு ஒரு பதிலை வாங்கிக்கொண்டாய், அவ்வளவுதான்.

சரி, கேட்பது எப்படி என்று நான் காட்டுகிறேன். நேற்று அவர் காலணிக்கு அடியில் கட்டும் இரும்புப் பற்களை அரம் வைத்துத் தீட்டிக்கொண்டிருந்தார். இன்னொரு சிலிண்டர் இருந்தால் தேவலையா என்று கேட்டேன். "எதுக்கு? வேணாம்" என்றார். சாப்பாட்டில் ஷ்யாக்பா சூப் ஊற்றும்போது மறுபடி கேட்டேன். "உனக்கு வேற பேச்சே இல்லியா? நான் என்ன டூரிஸ்டா?" என்று குரலை உயர்த்தினார். இன்று காலை முற்றத்தில் சாமிக்கு ஜூனிப்பர் தழைப் புகை போட்டு, லாமா கட்டிவிட்ட கயிற்றைச் சரிசெய்துகொண்டு மூட்டையைத் தூக்கப் போனார். புகை பட்டு இருமல் வந்துவிட்டது. நிற்கவே இல்லை. முழங்காலில் கையூன்றிக் குனிந்து நின்றார். நான் முதுகைத் தடவிக்கொண்டு மூன்றாவது தடவை கேட்டேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. மூட்டையைப் பார்த்துக்கொண்டே, "இருந்தா நல்லாருக்கும்" என்றார். அதன் வாரை இழுத்து இறுக்கிக்கொண்டே, "அன்னிக்கு இழுக்க இழுக்க உள்ள ஒண்ணுமே போகல, யாங்ஜி. வாய் தெறந்திருந்துச்சு, அவ்ளோதான்" என்றார். பிறகு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் எதையும் வேண்டும் என்று சொல்லி நான் கேட்டதில்லை. அவர் வளைவு திரும்பும் வரை நின்றுவிட்டு, உள்ளே வந்து உன்மேல் ஆத்திரம் தீர அழுதேன்.

ஆக, பதில் உனக்கு இப்போது தெரிந்துவிட்டது. அவர் அதைச் சொன்னார் என்று ஒருவரிடமும் மூச்சுவிடாதே, அவருக்குத் தாங்காது. கம்பெனிச் சரக்கு இன்னும் காட்மாண்டுவில்தான் கிடக்கிறது என்று பெம்பா சொன்னான். அது விமானம் ஏறுவதற்குள் சிலிண்டர்களை ஏற்று. இனி யாரிடமும் கேட்காதே. ஒவ்வொருவன் பையிலும் வைத்துவிடு. முதலாளி கோபித்தால் கோபிக்கட்டும். வேலை போனால் இங்கே வா, உனக்கும் டிக்கிக்கும் ஒரு அறையும் சோறும் என்னால் கொடுக்க முடியும். என் புருஷன் போனால் நீ எனக்கு எதைக் கொடுப்பாய்?

டிக்கிக்கு மாதம் நெருங்கிவிட்டது என்று கேள்விப்பட்டேன். மாடிப்படி ஏறி இறங்க விடாதே, நன்றாகச் சாப்பிடச் சொல். கூட இருக்க நான் வரட்டுமா என்று அவளைக் கேள், வேண்டாம் என்பாள், நான் வந்துவிடுவேன். பிள்ளை நல்லபடியாகப் பிறக்கட்டும். பிறந்தவுடன் அது அழ வேண்டும், அழாவிட்டால் தட்டி அழவைப்பார்கள். நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று வீடே பார்த்துக்கொண்டு நிற்கும். நீயும் நிற்பாய். அந்த நேரத்தில் அதனிடம் காற்று வேண்டுமா என்று யாரும் கேட்க மாட்டார்கள், தம்பி.

அக்கா,
யாங்ஜி.