பிள்ளையார் காவலில் ஒரு தாலி

வெள்ளி, இரவு.

ஞாயிற்றுக்கிழமை அக்கா மகளுக்குக் கல்யாணம். பிரிக்பீல்ட்ஸ் நகைக்கடையில் தாலியை வாங்கிக்கொண்டு கிள்ளானுக்குத் திரும்பும் வழியில் ஒரு சாவு வீட்டுக்குப் போகவேண்டியதாயிற்று. புதுத்தாலியோடு அங்கே நுழையலாமா? காரில் விட்டால் கண்ணாடியை உடைப்பவன் முதலில் சீட்டுக்கடியில்தான் கை விடுவான். உலகத் திருடர்களையெல்லாம் தோற்கடிக்கவே பிறந்த நான், டேஷ்போர்டுப் பிள்ளையாரின் வாடிய மல்லிகைச் சரத்துக்குள் அதைச் சுருட்டி வைத்தேன். சாமி மேல் எவன் கை வைப்பான்?

வீடு வந்ததும் தாலியைத் தொடவில்லை. தீட்டோடு தொடக்கூடாதே! குளித்துவிட்டு வந்து காருக்குள் பார்த்தால் பிள்ளையார் கழுத்தில் புதுப்பூ.

"வெள்ளிக்கிழமை அதுவுமா காஞ்ச பூவோட நிக்கிறாரு. நான்தான் மாத்தினேன்" என்றாள் மனைவி சரசு.

ஏழு கடலும் என் தலையில் கொட்டின. "பழைய பூ எங்கடி?"

"சாமி பூவைக் குப்பையில போடுவாங்களா? கருவேப்பிலை மரத்தடியில போட்டேன் லா."

இடுப்புத் துண்டோடு பாய்ந்தேன்.

பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள். "அங்கிள், என்னா தோண்டுறீங்க?"

"உரம் போடுறேன்மா!"

கிடைத்தது. எறும்புப் பட்டாளமே காவல் இருந்தது.

அக்கா போன் செய்தாள். "தம்பி, தாலி பத்திரமா?"

"பிள்ளையாரே பாத்துக்கிறாருக்கா" என்றேன்.

இப்போது அது என் தலையணை உறைக்குள் இருக்கிறது. சரசு உறைகளைத் துவைக்கப் போடுவது எந்தக் கிழமை? கேட்கவும் பயமாக இருக்கிறது.