தலைக்கட்டில் சேராத டாக்டருக்கு

என் பேச்சுக்குப் பேச்சு பதில் சொன்ன ஒரே நாத்தனாரே, செந்தாமரை,

நீ போய் வருடம் திரும்பப் போகிறது. திதிக்கு எல்லாம் சொல்லியாகிவிட்டது. உன் படத்தைத் துடைத்து வைத்திருக்கிறேன். ஆனால் அதன் முன்னால் நின்று அழுகிற மனநிலையில் நான் இல்லை. பயங்கரக் கோபத்தில் இருக்கிறேன். யார் மேல் என்கிறாயா? நம் ஆட்கள் மேல்தான். உன் மேலும் கொஞ்சம் உண்டு.

பின்னே என்ன? அறக்கட்டளை என்று ஒன்றை ஆரம்பித்தாய். ஆஸ்பத்திரியையும் அது நிற்கிற இடத்தையும் அதன் பேருக்கு எழுதி வைத்தாய். "அண்ணி, நீங்க பாத்துக்குங்க"ன்னு சொல்லிவிட்டு நீ பாட்டுக்குப் போய்விட்டாய். மாரடைப்பாம். ஊருக்கே வைத்தியம் சொன்ன உனக்கு உன் நெஞ்சு வலி தெரியாமலா போனது? பத்தாவதோடு நின்றவள் நான். உன் அண்ணன் இருந்தாலாவது அவர் தலையில் கட்டியிருப்பேன். அவரும் முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிக்கப் போகிறார்கள், அதனால் உனக்குத் தெரிந்ததையும் சொல்ல வேண்டியிருக்கிறது. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற நம் ஊரில், குடும்ப மருத்துவம் படித்த ஒரு டாக்டர் எப்போதும் இருக்க வேண்டும். அறக்கட்டளைக்கு அது ஒன்றுதான் வேலை. முழங்காலுக்கு ஒருத்தர், மூக்குக்கு ஒருத்தர் என்று அலையாமல், பிறந்த குழந்தையிலிருந்து அதன் கொள்ளுத் தாத்தா வரைக்கும் ஒரே டாக்டர் பார்ப்பது. பெரிய ஆஸ்பத்திரிக்கு எப்போது போக வேண்டும், எப்போது போகத் தேவையில்லை என்று பயமுறுத்தாமல் சொல்வது.

உன்னிடம் பயிற்சிக்கு வந்தாளே விழுப்புரத்துப் பெண் நித்யா, அவள்தான் இப்போது உன் நாற்காலியில். தங்கமான பெண். இருமலுக்கு மருந்து வாங்க வந்த மருமகளிடம், "உங்க மாமியாருக்குச் சுகர் ஆச்சே, கால்ல இருந்த புண்ணு ஆறிடுச்சா?" என்று கேட்கிறாள். உன்னை மாதிரியே. பெருமுக்கல் பக்கமிருந்துகூட ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்தப் பெண்ணைத்தான் நாம் இழக்க இருந்தோம்.

அவள் அப்பா கூப்பிட்டனுப்பினார். விழுப்புரத்துக்குப் போனேன். கரண்ட் ஆபீசில் லைன்மேனாக இருந்து ரிட்டையர் ஆனவர். மரியாதையான மனிதர், காபி கொடுத்துவிட்டுத்தான் பேச்சை எடுத்தார்.

"தப்பா நெனச்சிக்காதீங்கம்மா. படிக்க வெச்ச கடன் இன்னும் ஓடிக்கினு இருக்குது. பாண்டிச்சேரியில பெரிய ஆஸ்பத்திரியில கூப்புடுறாங்க. உங்க கிட்ட மாசா மாசம் சம்பளம் வருமா வராதான்னே தெரியல. ஒரு வருஷ சம்பளத்துக்கு வழி இருக்குன்னு காட்டுங்க, நானே தெனம் பஸ் ஏத்தி உடுறேன்."

அவர் கேட்டதில் என்ன தப்பு? மாதக் கடைசி வரைக்கும் தவணை வாங்கிக்கொண்டு வந்தேன்.

நன்கொடை வராமல் இல்லை செந்தாமரை. துபாயில் இருக்கிற நம்ம பசங்கள் மாதா மாதம் அனுப்புகிறார்கள். செல்போனில் ஸ்கேன் பண்ணிப் போடுகிற அட்டையைக் கதவில் ஒட்டியிருக்கிறோம். அம்மா திதியன்று சாப்பாடு போடுவதற்குப் பதிலாக அன்றைய மருந்துச் செலவை ஏற்றுக்கொண்டவர் உண்டு. மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, பிடுங்கியதும் ஒரு மூட்டையை விற்பனைக் கமிட்டியில் நம் பேருக்குப் போட்டுவிட்டு வந்தவர் உண்டு. கபாலி படுத்த படுக்கையாக இருப்பவர்களைத் தன் ஆட்டோவில் சும்மா ஏற்றிக்கொண்டு வருகிறான். பிரஷர் பார்க்கிற மிஷின் வாங்கிக் கொடுத்த ஒரு புண்ணியவான், அதைக் கையில் பிடித்தபடி தன் படம் போட்டு ஃபிளெக்ஸ் வைக்கச் சொன்னார். மிஷினை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். நம் கணக்கைப் பார்க்கிற திண்டிவனத்து ஆடிட்டர் என்னைத் திட்டினார், திட்டட்டும்.

ஆனால் இதெல்லாம் மாத்திரைக்கும் கரண்டுக்கும் சரியாய்ப் போகிறது. ஒரு டாக்டரின் ஒரு வருடச் சம்பளம் என்றால் சும்மாவா?

அந்த நேரத்தில்தான் தணிகாசலம் வந்தார். உன் சித்தப்பா மகன், கோயில் தர்மகர்த்தா. வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அண்ணி, எங்க காதுல ஒரு வார்த்த போடக் கூடாதா? என் தங்கச்சி கட்டுன ஆஸ்பத்திரி. மூட உட்டுடுவனா? தலைக்கட்டு வரி போட்டுடுறோம். ஒரு வருஷ சம்பளம் மொத்தமா வந்துடும். ஜல்தியா முடிச்சிடலாம்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. தேருக்கும் கூழ் ஊற்றுவதற்கும் ஊரில் வரி போடுவது போல ஆஸ்பத்திரிக்கும் வரி. கல்யாணமான ஆண் இருக்கிற குடும்பம் ஒவ்வொன்றும் ஒரு தலைக்கட்டு, தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வசூல். ஊர் கூடிக் கொடுத்தால் அதற்கு மேல் என்ன பலம் வேண்டும்? அன்று உன் படத்துக்கு நானே மல்லிகைப் பூ கட்டிப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரி வாசலில் சேர் போட்டு எல்லோரும் கூடினார்கள். பணப்பை தணிகாசலம் மடியில் இருந்தது. நித்யாவும் வந்திருந்தாள், கதவோரமாக நின்றாள். அப்போது ஏரிக்கரைக்கு அந்தப் பக்கத்துக் காலனியிலிருந்து ரெஜினா வந்தாள். அங்கே மகளிர் குழுத் தலைவி அவள்தான், உனக்குத் தெரியும். கூட நாலு பெண்கள்.

"அண்ணா, எங்க குழுவுல பேசி எடுத்தாந்திருக்கோம். எங்க தெருவு பங்கு" என்று பணத்தை நீட்டினாள்.

தணிகாசலம் கையை நீட்டவில்லை.

"அது எப்பிடிம்மா? இது ஊரு தலைக்கட்டு வரி. உங்களுது இதுல எப்பிடிச் சேரும்? உண்டியல்ல போட்டுட்டுப் போ."

ரெஜினா நீட்டிய கையை மடக்கவில்லை. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பின்னாலிருந்து ஒரு குரல், "அப்பிடியே டோக்கன் விஷயத்தையும் பேசிடுங்கண்ணே" என்றது.

"பெருசா ஒண்ணும் இல்ல அண்ணி" என்று தணிகாசலம் என் பக்கம் திரும்பினார். குரலில் அவ்வளவு பாசம். "வரி குடுத்த ஜனம் காலையில பாத்துக்கினு போயிடும். காலனி ஆளுங்க வேலைக்குப் போயிட்டு வர்றவங்கதானே, சாயங்காலமா வரட்டும். அவங்களுக்கும் அதான் சவுகரியம்."

"காய்ச்சலு எங்களுக்கு மட்டும் பொழுது சாஞ்சிதான் வருமாண்ணா?" என்றாள் ரெஜினா.

நித்யா என்னைப் பார்த்தாள். பணப்பையை நான் பார்த்தேன். ஒரு வருடச் சம்பளம் முழுதும் அதற்குள் இருந்தது. வேண்டாம் என்றால் இந்தப் பெண் பாண்டிச்சேரிக்குப் போய்விடுவாள். சரி என்றால் இது நீ நடத்திய ஆஸ்பத்திரியே இல்லை. இரண்டுங்கெட்டானாக நின்றேன். நீ இருந்தால் என்ன செய்திருப்பாய்?

நீ சிரித்துக்கொண்டே சமாளித்திருப்பாய். எனக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. வாய் திறந்தால் எனக்கு நெருப்புதான்.

"தம்பி, இந்த ஆஸ்பத்திரி யாரு எடத்துல இருக்குது?" என்று கேட்டேன்.

"என்னா அண்ணி இது, செந்தாமரை எடம்தான்."

"அவ எத்தினியாவது தலைக்கட்டு?"

அவர் பணப்பையின் வாயை இறுக்கிக் கட்டினார். நான் விடவில்லை.

"அவ கல்யாணம் கட்டிக்கல. எந்தக் காலத்துலயும் அவ தலைக்கட்டு இல்ல. தேருக்குப் பணம் எடுத்தாந்தப்ப 'பொம்பள கிட்ட வரி வாங்குற வழக்கம் இல்ல'ன்னு திருப்பி அனுப்பிச்சது யாரு? நீங்கதானே? உங்க அண்ணன் செத்ததும் எங்க ஊட்டுப் பேரையும் எடுத்துட்டீங்க. அப்ப நான் எப்ப வரணும், சாயங்காலமா? செந்தாமரையே எழுந்து வந்தாலும் அவ சொந்த எடத்துல அவளுக்கும் சாயங்காலம்தான் டோக்கனா?"

"அண்ணி, பேச்ச வளக்காதீங்க. உதவி பண்ண வந்தவங்களை நிக்க வெச்சிக் கேள்வி கேக்குறீங்க. எனக்கு இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு? துட்டையும் குடுத்து ஏச்சும் வாங்கணுமா?"

"அந்தக் கண்டிஷனோட அந்தத் துட்டு வேணாம், தம்பி. எடுத்துக்கினு போங்க."

சொல்லிவிட்டேன். பையை எடுத்துக்கொண்டு அவர் எழுந்தார். கூடவே எல்லோரும் எழுந்தார்கள். போகும்போது ஒருத்தர், "டாக்டரு போனப்பறம் தெரியும் அந்தம்மாவுக்கு" என்று என் காதில் விழும்படியே சொன்னார். ரெஜினா மட்டும் அங்கேயே நின்றாள். அவள் பணத்தை நான் கை நீட்டி வாங்கினேன். நித்யா ரசீது எழுதிக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படிச் சொல்வது? ஊர்த் தெருவிலிருந்து ஒருவரும் ஆஸ்பத்திரிப் பக்கம் வரவில்லை. சளிக்குக்கூடத் திண்டிவனத்துக்குப் பஸ் ஏறினார்கள். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு நம் வாசலைத் தாண்டியே போனார்கள். கடையில் எனக்குச் சாமான் கட்டிக் கொடுக்கிறவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நித்யா தினமும் வந்து உட்கார்ந்தாள். எதுவும் கேட்கவில்லை. அவள் கேட்காததுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவசரப்பட்டுவிட்டேனோ என்று உன் படத்தைப் பார்த்து எத்தனை முறை கேட்டேன், பதில் சொன்னாயா நீ?

மாதக் கடைசி நெருங்கிய ஒரு காலையில் அஞ்சலை வந்தாள். யார் என்கிறாயா? தணிகாசலம் பெண்டாட்டியேதான்! எனக்கு ஓரகத்தி முறை. நேராக உள்ளே போய்விடுவாள் என்று நினைத்தேன். டோக்கன் எடுத்தாள். ரெஜினாவின் மாமியார் பக்கத்தில் பெஞ்சில் இடம் இருந்தது, அங்கே போய் உட்கார்ந்தாள். தன் முறை வரும் வரைக்கும் அந்தக் கிழவியோடு மாட்டுத் தீவனத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்.

சுகர் மாத்திரை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவள் என்னை ஓரமாக இழுத்தாள்.

"அக்கா, பால் சொசைட்டியில சொல்லிட்டோம். ஞாயித்துக்கெழம ஊத்துற பாலு காசு இனிமே ஆஸ்பத்திரிக்கு."

"சொல்லிட்டோமா? யாரு யாரு?"

"எங்க தெருவு பொம்பளைங்க பாதி பேருக்கு மேல. ரெஜினா கிட்டயும் பேசிட்டேன், அவங்க தெருவுல மாடு வெச்சிருக்கிறவங்களும் ஊத்துறாங்க."

"அடிப்பாவி, உன் ஊட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா என்னா பண்ணுவாரு? பால் கறப்பாரா?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "தலைக்கட்டு அவங்களுது அக்கா. மாடு எங்களுது. சொசைட்டியில எங்க பாலு, அவங்க பாலுன்னு தனித் தனிக் கேனா வெச்சிருக்குது? எல்லாம் ஒண்ணாத்தானே போவுது" என்றாள்.

அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நடு வாசலில் அழுதேன். மானம் போனால் போகட்டும்.

ஆனால் உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். பால் காசு ஒரு வருடச் சம்பளம் ஆகாது. நித்யா அப்பாவுக்குப் போன் பண்ணினேன். "மாடு எப்ப வத்தும்னு யாருக்குத் தெரியும்? பாலு காச நம்பி என் பொண்ண உடச் சொல்றீங்களா?" என்று கேட்டார். நியாயம்தானே? நித்யா என் கையிலிருந்து போனை வாங்கினாள். "அப்பா, மூணு மாசம் இருந்து பாக்குறேன். பாண்டிச்சேரிக்கு நானே சொல்லிக்கிறேன்" என்று வைத்துவிட்டாள். என் பக்கம் திரும்பி, "சாயங்கால டோக்கனுக்குச் சரின்னு சொல்லியிருந்தீங்கன்னா அன்னைக்கே போயிருப்பேன் அண்ணி" என்றாள். அவளும் என்னை அண்ணி என்றுதான் கூப்பிடுகிறாள்.

ஆக, மூன்று மாதம். அதற்குள் மீதியைத் தேட வேண்டும். இதைப் படிக்கிறவர்கள் எப்படிக் கொடுப்பது என்று கேட்பார்கள். மாதா மாதம் முடிந்ததை அனுப்பலாம். வீட்டு விசேஷத்தன்று ஒரு நாள் மருந்துச் செலவை ஏற்கலாம். வாரத்தில் ஒரு நாள் வருமானத்தை ஒதுக்கலாம், எங்கள் பெண்கள் பாலை ஒதுக்குவது போல. பணம் இல்லையென்றால் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக் கொடுங்கள், வண்டியில் நோயாளியை ஏற்றி வாருங்கள். கொடுக்கிற பணத்துக்கு ரசீது உண்டு. ஃபிளெக்ஸ் கிடையாது. கொடுத்தவருக்கு முன் டோக்கனும் கிடையாது.

தணிகாசலம் இன்னும் என்னோடு பேசவில்லை. அவருடைய பிரஷர் மாத்திரையை அஞ்சலைதான் வந்து வாங்கிப் போகிறாள். நேரில் வந்து பிரஷர் பார்க்காமல் இப்படியே கொடுத்துக்கொண்டிருக்க முடியாது என்று நித்யா சொல்லி அனுப்பியிருக்கிறாள். வருவாரா, தெரியவில்லை. வந்தால் பெஞ்சில் இடம் இருக்கிறது.

மூன்று மாதம் கழித்துக் காசில்லாமல் கதவைப் பூட்ட வேண்டி வந்தால், பூட்டிவிட்டு வந்து உன் முன்னால் உட்கார்ந்து வயிறெரிய அழுவேன். ஆனால் அது திறந்திருக்கிற கடைசி நாள் வரைக்கும், முதலில் வந்தவர்தான் முதலில் உள்ளே போவார். அதை மாற்ற எவன் வந்தாலும் வாசலில் நான் நிற்பேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

தலைக்கட்டு இல்லாத நம் வீட்டிலிருந்து,
உன் அண்ணி
வேதவல்லி