கோட்டை மதிலிலிருந்து தெரிந்த கடல்

அன்புள்ள அப்பா,

இங்கே படிப்பு நன்றாகப் போகிறது. ஞாயிறுதோறும் யாழ்ப்பாணத்தைச் சுற்றிப் பார்க்கிறேன். நான் தங்கியிருக்கும் குருநகர் வீட்டுப் பெண் நிரோஜினிதான் கூட்டிப் போகிறாள்.

போன ஞாயிறு கோட்டைக்குப் போனோம். போர்த்துக்கீசர் கட்டியதை ஒல்லாந்தர் பிடித்துப் பெரிதாக்கினார்களாம். மதிலில் நின்று கடலைப் பார்த்தபடி, "அப்புறம் யார் வந்தாங்க?" என்று கேட்டேன்.

"வெள்ளைக்காரன். இப்ப உங்கடை ஆக்களின்ரை றோலர்" என்று சிரித்தாள். நம் கரையிலிருந்து இழுவலையோடு வரும் விசைப்படகுகளைத்தான் இங்கே றோலர் என்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீடு திரும்பியபோது அவளுடைய அப்பா சந்தியோகு முற்றத்தில் கிழிந்த வலையோடு உட்கார்ந்திருந்தார். "பங்குனியிலை றோலர் இழுத்துக்கொண்டு போட்டுது, பிள்ளை. மிச்சம் இவ்வளவுதான்" என்றார்.

வந்த அன்று உங்களைக் கடைக்காரர் என்று சொல்லியிருந்தேன். அதற்கு மேல் மறைக்க முடியவில்லை.

"அங்கிள், எங்க அப்பாகிட்ட ரெண்டு விசைப்படகு இருக்கு."

அவர் வலையைக் கீழே வைத்தார். "இந்தப் பக்கம் வாறவரோ?"

"வருவார்."

பிறகு மனைவியைக் கூப்பிட்டு, "பெர்னடெட், பிள்ளைக்குச் சோத்தைப் போடு" என்றார். அவர் சாப்பிடவில்லை.

நான்கு நாளாக என்னோடு பேசுவதில்லை. போகச் சொல்லவும் இல்லை. நேற்று பிடித்த நண்டில் பெரியதை எனக்கென்று எடுத்து வைக்கச் சொன்னாராம்.

மீன்பிடித் தடைக்காலம் முடியும்முன் இந்தக் கடிதம் உங்களுக்குக் கிடைத்துவிடும். படகை இந்தப் பக்கம் விடாதீர்கள், அப்பா. என்னைப் பார்க்க வேண்டுமென்றால் விமானத்தில் வாருங்கள். இந்த வீட்டுக்கே கூட்டி வருகிறேன்.

உங்கள் மகள்