ஆட்டு மணியும் அவிழ்ந்த செருப்பு வாரும்

ஜெனீவா, வெள்ளிக்கிழமை

அன்பு மகன் ஜெர்வேக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் கடையும் சுகம், என் முழங்கால் இரண்டைத் தவிர. லியோனில் நீ கைகால் முழுசாக, தலை இருக்கவேண்டிய இடத்தில் இருக்க, நலமாக இருக்கிறாய் என்று உன் கையால் எழுதி வந்தால்தான் எனக்கு ரொட்டி தொண்டையில் இறங்கும். முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், துணி வியாபாரி தீவான் உன்னிடம் வந்து கைகொட்டிச் சிரித்துச் சொல்வதற்கு முன்னால் நானே சொன்னதாக இருக்கட்டும். போன மாதம் மோலார் சந்தையில், பட்டப்பகலில், சேற்றில், நான் ஒரு ஆட்டுக்கு முன்னால் மண்டியிட்டேன்.

சிரித்து முடித்தாயா, இனி கேள். பக்கத்து வீட்டு பெர்னெத் தன் ஆட்டுக்கு எங்கிருந்தோ ஒரு வெண்கல மணி வாங்கிக் கட்டியிருக்கிறாள். நீ சிறுவனாக இருந்தபோது பூசைச் சாமியார் சாகக்கிடப்பவர்களுக்கு நற்கருணை அப்பம் கொண்டுபோவாரே, முன்னால் ஒருவன் சின்ன மணி ஆட்டிக்கொண்டு போவானே, அச்சு அசல் அதே சத்தம். ஊர் புது மதத்துக்கு மாறிப் பூசை நின்று பத்து வருஷம் ஆகிறது, சாமியார்களும் போய்விட்டார்கள், ஆனால் அதை யாரும் என் முழங்காலிடம் சொல்லவில்லை. மணி கேட்டது, கூடையை வைத்தேன், மண்டியிட்டேன், கண்ணை மூடிச் சிலுவையும் போட்டுக்கொண்டேன். கண்ணைத் திறந்தால் எதிரே தாடியோடு ஆடு. ஆட்டுக்குப் பின்னால் தாடியோடு மூப்பர் பெசான்சோன். அவர் சிரிக்கவில்லை.

வியாழக்கிழமை மூப்பர்கள் சபைக்கு வரச்சொல்லிவிட்டார்கள். பன்னிரண்டு பேர் வரிசையாக உட்கார்ந்திருக்க, நடுவில் நான் ஒருத்தி. “இன்னும் பழைய மதத்த மனசுல வச்சிருக்கியாம்மா?” என்று பெசான்சோன் கேட்டார். “மனசுல இல்லீங்கய்யா, முழங்கால்லதான் மிச்சமிருக்கு” என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்கள். ஜெபம் சொல் என்றார்கள். பழைய வழக்கப்படி, பரலோக மந்திரமா என்று கேட்டுத் தொலைத்தேன், “மந்திரம் பூசாரிக்கு, இது பரமண்டல ஜெபம்” என்று ஒருவர் வெடுக்கென்றார். லத்தீனில் என்றால் மூச்சுவிடாமல் சொல்லியிருப்பேன், நாற்பது வருஷம் ஒரு சொல்லுக்கும் அர்த்தம் தெரியாமல் சொன்னது. நம் பேச்சில் சொன்னால் அர்த்தம் புரிந்துவிடுகிறது, அதுதான் கஷ்டம். தீமையிலிருந்து காப்பாற்றச் சொல்லும் இடம் வந்ததும் உன் முகம் வந்து நின்றது, வாய் நின்றுவிட்டது. முன்னால் என்ன சொன்னேன், பின்னால் என்ன சொல்லவேண்டும், ஒன்றும் தெரியவில்லை. வருகிற வியாழன் வந்து முழுசாக ஒப்பிக்கவேண்டுமாம், இல்லாவிட்டால் தேவாலயத்தில் ராப்போஜன அப்பம் கிடையாது. அதற்கும் அடங்காதவர்களை ஊரைவிட்டே அனுப்பியிருக்கிறார்கள். போதகர் பாவம் பார்த்து ஒரு தாளில் பெரிய பெரிய எழுத்தாக எழுதிக் கொடுத்தார். கடையில் பாலாடைக்கட்டிப் பலகைக்கு மேல் ஆணியடித்து மாட்டியிருக்கிறேன், கட்டி நறுக்கிக்கொண்டே படிக்கிறேன். உன் அப்பா, “ஏண்டி, ஆட்டுக்குப் போட்ட கும்பிடு எனக்கு ஒரு நாளாச்சும் போட்டிருக்கியா?” என்கிறார். கொம்பு முளைக்கட்டும் பார்க்கலாம் என்றேன்.

விளையாட்டுப் பேச்சு போதும். என் வழக்கு எனக்குப் பெரிசில்லை, மிஞ்சிப்போனால் கூடையைத் தூக்கிக்கொண்டு வேறு ஊர் போவோம். உன் கடிதம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. லியோனில் இன்னும் பழைய மதம்தானே, நீ வேலை பார்க்கும் அச்சுக்கூடத்து வாசலில் நின்றிருந்தபோது நற்கருணை மணி வந்ததாம், தெருவே மண்டியிட்டதாம், நீ மட்டும் தொப்பியைக்கூட எடுக்காமல் நின்றாயாம், ஒரு கிழவர், “தம்பி, காலு என்ன கட்டையா?” என்று கேட்டாராம், நீ சிரித்தாயாம். இதைப் பெருமையாக எழுதியிருக்கிறாய். அந்தக் கிழவர் யாரிடமெல்லாம் சொன்னாரோ. போன முறை தீவான் அங்கே வந்தபோது ஒரு கையுறை தைப்பவரை எரித்தார்களே, அவர் செய்ததும் இதுதானாம், நின்றாராம். தீவான் கொண்டுவந்த துணியை மூன்று தடவை ஆற்றில் அலசினேன், புகை வாடை போகவில்லை. துணியில் ஒன்றுமில்லை, வாடை உன் மூக்கில்தான் இருக்கிறது என்கிறார் உன் அப்பா. சொல்லிவிட்டு அவரும் கொல்லைப்பக்கம் போய் வெகுநேரம் நின்றுவிட்டு வந்தார்.

மண்டியிட்டால் பொய்யாகிவிடும் அம்மா என்று எழுதுவாய், உன்னைப் பெற்றவளுக்குத் தெரியாதா. நான் ஆட்டுக்கு மண்டியிட்டேன், அதனால் ஆட்டையா நம்புகிறேன்? இங்கே மண்டியிட்டதற்கு என்னைத் திட்டினார்கள், அங்கே மண்டியிடாததற்கு உன்னைக் கொல்லுவார்கள். ஒரே ஆறுதான் இங்கிருந்து அங்கே ஓடுகிறது, நடுவில் எந்த இடத்தில் புண்ணியம் பாவமாக மாறுகிறது என்று எனக்குத் தெரியவில்லை, அதைப் படித்தவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். உன்னைப் பொய் சொல்லவும் சொல்லவில்லை. இதோடு ஒரு ஜோடி செருப்பு வார் அனுப்பியிருக்கிறேன், பார்த்துப் பார்த்து வாங்கிய வழுவழுத் தோல், என்ன முடிச்சுப் போட்டாலும் பத்தடியில் அவிழும். கடைக்காரர், “இது நிக்காதும்மா, வேற எடுத்துக்க” என்றார், அதுதான் வேண்டும் என்றேன். மணி கேட்டதும் குனிந்து வாரைக் கட்டு. நன்றாகக் குனிந்து, ஒரு முழங்காலை ஊன்றி, மணி தெருமுனை தாண்டுகிறவரை கட்டு. அது பொய்யில்லை, வார் நிஜமாகவே அவிழ்ந்திருக்கும். தொப்பி தானாக விழுந்தால் விழட்டும். வேலை முடிந்ததும் நேராக அறைக்குப் போ, அங்கே தடைசெய்த அந்தப் புத்தகக் கட்டைத் தலைமாட்டில் வைத்துக்கொள்ளாதே, மதத்தைப் பற்றிக் கேட்டால் பல்வலி என்று சொல். ஊருக்கு வந்துவிடு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் நீ வரமாட்டாய், அந்தப் புத்தகங்களை விட்டு வரமாட்டாய், அதனால் வாரை எழுதுகிறேன்.

ஆண்டவர் உன் தலைமுடி ஒன்றையும் விழவிடாமல் காக்கட்டும். புனித அன்னாளும் காக்கட்டும் என்று எழுதி அடித்திருக்கிறேன், இங்கே இப்போது புனிதர்களைக் கூப்பிடக்கூடாது, ஆனால் அடிப்பதற்குள் அவள் படித்திருப்பாள். நீ வாரை மாட்டிக்கொண்டாய் என்று தீவானிடம் ஒரு வரி கொடுத்தனுப்பு, வேறு எதுவும் எழுதவேண்டாம். மறுபடி சொல்கிறேன், இறுக்கிக் கட்டாதே.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
மோலார் சந்தை ஜாக்மா

பி.கு.: இனியும் நான் மண்டியிட்டுத் தொலைக்கக்கூடாது என்று உன் அப்பா இன்று காலை பெர்னெத்திடம் கேட்டு அந்த ஆட்டின் மணியை அவிழ்த்துவிட்டார். மணி இல்லாததால் அது கடைக்குள் வந்தது யாருக்கும் கேட்கவில்லை. பாலாடைக்கட்டியைத் தொடவில்லை. போதகர் எழுதிக்கொடுத்த தாளில், தினசரி அப்பம் கேட்கும் வரிக்குக் கீழே எல்லாவற்றையும் தின்றுவிட்டது. மேல்பாதி இருக்கிறது. அது எனக்கு ஏற்கெனவே தெரிந்த பாதி.