வீட்டில் எத்தனை கைகள்

பிப்ரவரி 9, திங்கள்

மகள் போன் செய்தாள். அறை தயாராம். இரண்டு கட்டில், பிடித்து நடக்கச் சுவரோரம் கம்பி, குளியலறையில் வழுக்காத தரை, எல்லாம் போட்டுவிட்டாளாம். கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அப்பா, அலமாரியில உங்களுக்கு ஒரு தட்டுதான் ஒதுக்க முடியுது. வாட்ச் எத்தனை எடுத்துட்டு வருவீங்கன்னு சொன்னா அதுக்கேத்த பெட்டியா பாத்து வாங்கிடுவேன்" என்றாள்.

எட்டு என்றேன். "எட்டுமா?" என்றாள்.

எட்டு ஆசையில் வந்த எண் இல்லை என்று இவளுக்கு யார் சொல்வது. என்னிடம் இருப்பவை எல்லாம் ஆட்டோமேடிக். பேட்டரி கிடையாது. உள்ளே அரைவட்டமாக ஒரு எடை. கை அசைந்தால் அது சுற்றும், அது சுற்றினால் வில் முறுகும், வாட்ச் ஓடும். கழற்றி வைத்தால் ஒன்றரை நாள் தாக்குப்பிடிக்கும், பிறகு நின்றுவிடும். நின்ற வாட்ச்சைச் சேர்த்து வைப்பவன் ரசிகனே இல்லை, பழைய சாமான்காரன் என்பது என் கட்சி. எத்தனையை ஓட வைக்க முடியுமோ அத்தனைதான். வீட்டில் நான்கு கைகள். கைக்கு இரண்டு, இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று. எட்டு. ஒன்பதாவதற்கு மனசு எத்தனையோ முறை துடித்திருக்கிறது. வாங்கியதில்லை.

இந்தக் கணக்குக்கு டீச்சர் ஒத்துக்கொண்டதுதான் அதிசயம். (மனைவியை நான் கூப்பிடுவதே டீச்சர் என்றுதான்.) "என் ரெண்டு கையையும் வாடகைக்கு எடுத்துட்டீங்க, வாடகைதான் வந்து சேரல" என்பாள். ஆனால் காலையில் இரண்டு கையையும் நீட்டுவாள். பள்ளியில் அவளுக்கு ரெண்டு வாட்ச் டீச்சர் என்றே பெயர். எட்டுக்கும் நான் வைத்த பட்டப்பெயர் உண்டு. மகா மந்தமானதுக்கு சோம்பேறி. என் கையில் கட்டினால் சாயங்காலத்துக்குள் படுத்துவிடும். அதை அவள் வலது கையில்தான் கட்டுவோம். நாள் முழுக்கக் கரும்பலகையில் கணக்குப் போடும் கை. அதில் மட்டும் சோம்பேறி குதிரையாக ஓடும்.

நவம்பரில் வகுப்பிலேயே விழுந்தாள். மூளையில் அடைப்பு. மருத்துவமனையில் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு அவளுடைய இரண்டு வாட்ச்சையும் என்னிடம் கொடுத்தார்கள். இரண்டும் ஓடிக்கொண்டிருந்தன.

இப்போது கால் ஓரளவு வந்திருக்கிறது, பிடித்துக்கொண்டு நடக்கிறாள். பேச்சு ஒற்றை ஒற்றைச் சொல்லாக வருகிறது. வலது கை வரவில்லை.

மகள் கேட்டது வாட்ச் கணக்கு. எனக்கு என்னவோ வேறு ஏதோ கேட்ட மாதிரி இருந்தது. நாலு கை இருக்கா, இல்லையா?

பிப்ரவரி 11, புதன்

ஏழு நின்றுவிட்டன. என் இடது கையில் நீலமுகம் மட்டும். மற்றவற்றை மாற்றிக் கட்ட யாருக்கு நேரம்.

பிப்ரவரி 14, சனி

கண்ணாடிக் கடைக்காரர் வந்தார். எனக்கு இருக்கிற ஒரே வாட்ச் பைத்தியத் தோழர் இவர். அவளிடம் நலம் விசாரித்துவிட்டு, நேராக என் பெட்டியைத் திறந்து பார்த்தார். ஏழும் ஏழு நேரம் காட்டிக்கொண்டிருந்தன.

"என்ன சார், இப்படி விட்டுட்டீங்க? கரண்ட்ல சுத்துற பெட்டி வருதே, அதுல மாட்டி விட்டா அது பாட்டுக்கு ஓடுமே."

"தொட்டில்ல போட்டு ஆட்டறதுக்கு அது என்ன குழந்தையா" என்றேன்.

அவர் கணக்கு வேறு. வாரத்துக்கு ஏழு நாள், ஆகவே ஏழு. அதற்கு மேல் வைத்திருந்தால் அது கடை. இதை வைத்து எத்தனை வருஷம் சண்டை போட்டிருக்கிறோம். இன்றைக்கு அவர் சண்டைக்கு வரவில்லை. "மக வீட்டுக்குப் போறீங்கன்னா ரெண்டு மூணு போதும் சார். மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்று மெதுவாகச் சொன்னார். அவர் இரக்கப்பட்டதுதான் எரிச்சலாக இருந்தது. ஜூனில் டீச்சர் பள்ளிக்குப் போய்விடுவாள், நாங்கள் எங்கேயும் போகவில்லை என்று சொல்லிவிட்டேன்.

அவள் கட்டிலில் இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

பிப்ரவரி 17, செவ்வாய்

டீச்சருக்குப் பயிற்சி கொடுக்க வரும் பிசியோ பெண்ணிடம் நேரடியாகக் கேட்டேன். கை எப்ப வரும்? அவள் தரையைப் பார்த்தாள். "தோள்லயும் அசைவு தெரியல சார். இறுகிடாம பாத்துக்கறதுதான் இப்போதைக்கு."

அவள் போன பிறகு ஒரு யோசனை தோன்றியது. சோம்பேறியை எடுத்துக் குலுக்கி, நேரம் வைத்து டீச்சரின் வலது மணிக்கட்டில் கட்டினேன். கை என் கையில் ஈரத்துணி மாதிரிக் கிடந்தது. "டீச்சர், பிசியோ கண்ணுக்குத் தெரியாத அசைவெல்லாம் இதுக்குத் தெரியும். இது ஓடினா கை வருதுன்னு அர்த்தம்" என்றேன்.

அவள் வாட்ச்சைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

பிப்ரவரி 18, புதன்

நின்றுவிட்டது.

பிப்ரவரி 22, ஞாயிறு

தினமும் காலையில் ஓட வைத்துவிட்டுப் பார்க்கிறேன். தினமும் நிற்கிறது. இன்று மதியம் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அப்படியே கீழே உட்கார்ந்து அழுதேன். குழாய் திறந்துதான் இருந்தது. அவளுக்குக் கேட்டிருக்காது.

என்ன பாவம் பண்ணினா அவ? ஒரு பிள்ளையை அடிச்சிருப்பாளா? சாக்பீஸ் புடிச்ச கைதானே. எத்தனையோ பேர் கத்தி புடிச்ச கையோட நல்லா நடமாடறாங்க.

பிப்ரவரி 25, புதன்

ஓடுகிறது.

மருந்துக் கடைக்குப் போய்விட்டு வந்தேன். அவள் நாற்காலியில் இருந்தபடி இடது கையால் வலது மணிக்கட்டைச் சுட்டினாள். "ஓடுது" என்றாள். காதில் வைத்துக் கேட்டேன். நொடி முள் சுற்றுகிறது. என் வயதுக்கு நான் குதித்திருக்கக் கூடாது, இடுப்பு பிடித்துக்கொண்டது.

பிப்ரவரி 27, வெள்ளி

இன்றும். நேற்றும்.

மார்ச் 1, ஞாயிறு

மகளிடம் சொல்லிவிட்டேன். அறை வேண்டாம், கம்பியைக் கழற்றிக்கொள், அம்மாவுக்குக் கை வருகிறது. "டாக்டர் சொன்னாராப்பா?" என்றாள். டாக்டர் என்ன சொல்வது, என் கண்ணால் பார்க்கிறேனே. போனிலேயே அழுதாள். சந்தோஷம்தான்.

வெள்ளிக்கிழமையே தலைமை ஆசிரியை கேட்டிருந்தார், டீச்சர் இடத்துக்கு வேறு ஆள் எடுக்கலாமா என்று. எடுக்காதீங்க, ஜூனில் அவளே வந்துவிடுவாள் என்று இன்று உறுதியாகச் சொன்னேன்.

பிசியோவுக்கு மட்டும் முகம் தெளியவில்லை. "நான் பாக்கும்போது ஒண்ணுமே தெரியலையே சார்." உங்களுக்குத் தெரியாதும்மா என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். பரவாயில்லை, பிறகு சமாதானம் செய்துகொள்ளலாம்.

எட்டுக்கும் நேரம் வைத்தேன். என் இரண்டு கையிலும் ஒவ்வொன்று. கண்ணாடிக் கடையின் வாசல் கண்ணாடிக்குள் விற்பனைக்கு வெள்ளை முகம் வைத்த ஒரு வாட்ச் இருக்கிறது, பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்பது என்றால் குடியா முழுகிவிடும்?

மார்ச் 6, வெள்ளி

காய்ச்சல். நேற்று மாலையிலிருந்து அவள் பக்கத்துக் கட்டிலில் படுத்தே கிடக்கிறேன். இரண்டு நோயாளிகள் ஒரே அறையில். அவள் என் நெற்றியில் இடது கையை வைத்து வைத்துப் பார்க்கிறாள்.

மார்ச் 7, சனி

சோம்பேறி நின்றுவிட்டது. ஏன்? பத்து நாளாக ஓடியதே. அவளும் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், பரீட்சையில் தோற்ற பிள்ளை மாதிரி. பரவால்ல டீச்சர், நாளைக்கு ஓடும் என்றேன்.

மார்ச் 9, திங்கள்

காய்ச்சல் விட்டது. காய்கறி வாங்கப் போய்விட்டுத் திரும்பினேன். லிஃப்ட் கதவு திறக்கும் சத்தத்தோடு உள்ளே வருகிறேன், "ஓடுது" என்கிறாள்.

ஓடுகிறது. நான் வெளியே போகும்போதெல்லாம் ஓடுகிறது. நான் பக்கத்திலேயே கிடந்தால் நிற்கிறது.

எழுதிவிட்டேன். எழுதியதை அடித்துவிடலாமா என்றும் பார்த்தேன்.

மார்ச் 10, செவ்வாய்

மருந்துச் சீட்டை மறந்துவிட்டு இறங்கிவிட்டேன். திரும்பினால் லிஃப்டைப் பழுது பார்க்க நிறுத்திவைத்திருந்தார்கள். ஆயுசு முழுக்க லிஃப்ட் பரிசோதிக்கும் வேலை பார்த்தவனுக்கு, தான் குடியிருக்கும் இடத்தில் மாடிப்படி. மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினேன். லிஃப்ட் சத்தம் இல்லாததால் நான் வருவது அவளுக்குத் தெரியவில்லை.

கதவைத் திறந்தேன். அவள் கட்டில் விளிம்பில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். இடது கையால் வலது கையின் முழங்கைக்குக் கீழே பிடித்துத் தூக்கி, மருந்து பாட்டிலைக் குலுக்குவதுபோலக் குலுக்கிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் குலுக்குவாள், கையை மடியில் போடுவாள், மூச்சு வாங்குவாள், காதருகே கொண்டுபோய்க் கேட்பாள். மறுபடி குலுக்குவாள். கழுத்தெல்லாம் வேர்வை.

கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்து மாடிப்படியில் உட்கார்ந்தேன்.

கை வரல. கை வரவே இல்ல. ஒரு துளிகூட வரல. அன்னிக்கு நான் அழுதது குழாய் சத்தத்துக்கு மேல கேட்டிருக்கு அவளுக்கு. எனக்காக, செத்த கையத் தூக்கி ஆட்டி ஆட்டி— நான் என்னடான்னா ஊரெல்லாம் தம்பட்டம். ஒன்பதாவது வாட்ச் வேற பாத்து வெச்சேன். கேடுகெட்ட ஆசை.

அவ என்னைத் தேத்தணுமா? அவளுக்கு வந்தது எனக்கு வந்ததா?

எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. கையில் இரண்டு வாட்ச் இருந்தன. பார்க்கவில்லை. பிறகு சாவிக்கொத்தை நன்றாகக் குலுக்கிக்கொண்டு, இருமிக்கொண்டு, உள்ளே போனேன். அவள் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் துடைத்திருந்தது.

"ஓடுது" என்றாள்.

"ஆமா டீச்சர். ஓடுது" என்றேன்.

மார்ச் 11, புதன்

சாப்பிடப் பிடிக்கவில்லை. வேண்டுமென்றே இரண்டு முறை வெளியே போய், லிஃப்டில் சத்தத்தோடு திரும்பினேன். அவள் ஆட்டுவதற்கு நேரம் கொடுக்கிறேனாம். இது என்ன பிழைப்பு.

மார்ச் 12, வியாழன்

பிசியோ இன்று வாட்ச்சைக் கழற்றினாள். கழற்றியவள் அப்படியே நின்றாள். இரும்புப் பட்டை உரசி உரசி மணிக்கட்டில் தோல் உரிந்து, ஓரிடத்தில் நீர் கோத்திருந்தது. வலித்ததா என்று அவளிடம் கேட்கவும் முடியாது. அந்தக் கைக்கு உணர்ச்சியே இல்லை.

"இது எதுக்கு சார் இந்தக் கையில? உணர்ச்சி இல்லாத எடத்துல புண்ணு வந்தா ஆறவே ஆறாது. இனிமே எதையும் கட்டாதீங்க."

சரிம்மா என்றேன். அன்று வெடுக்கென்று பேசியதற்கு மன்னிப்பும் கேட்டேன். டீச்சர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இடது தோளும் வீங்கியிருக்கிறதாம். எதனால் என்று பிசியோவுக்குப் புரியவில்லை. நான் சொல்லவில்லை.

மார்ச் 13, வெள்ளி

மகளிடம் வருகிறோம் என்றேன். கம்பியைக் கழற்றிவிட்டாயா? கழற்றவே இல்லையாம். அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

தலைமை ஆசிரியையிடமும் சொல்லிவிட்டேன். ஆள் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் உடனே சரி என்றது வலித்தது.

மார்ச் 15, ஞாயிறு

எட்டையும் மேஜைமேல் பரப்பினேன். எல்லாவற்றையும் கண்ணாடிக் கடைக்காரருக்குக் கொடுத்துவிடுவது என்று முடிவு. ஒன்றுகூட வேண்டாம். சுவரில் மாட்டுகிற கடிகாரம் எந்த வீட்டிலும் இருக்கும். பெட்டியை எடுத்துத் துணி சுற்றிக்கொண்டிருந்தேன்.

அவள் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். எதிரே உட்கார்ந்தாள். மேஜையைப் பார்த்தாள்.

"எல்லா...மா?"

"எல்லாந்தான் டீச்சர். நமக்கு எதுக்கு?"

தலையை ஆட்டினாள். கணக்கைத் தப்பாகப் போட்ட பிள்ளையிடம் ஆட்டுவாளே, அப்படி. இடது கையால் என் வலது கையைத் தொட்டாள். பிறகு என் இடது கையை. பிறகு தன் இடது கையைத் தூக்கி என் முகத்துக்கு முன்னால் காட்டினாள்.

"மூணு" என்றாள்.

தன் வலது கையை அவள் தொடவில்லை. அது மடியில் கட்டுப்போட்டுக் கிடந்தது. நான் ஒரு மாதமாகச் சொல்லத் தெரியாமல் கிடந்ததை டீச்சர் ஒரு சொல்லில் போட்டு முடித்துவிட்டாள்.

"எனக்குத் தெரியும் டீச்சர்," என்றேன். "அன்னிக்குப் படியேறி வந்தேன். பாத்துட்டேன்."

அவள் அழுதாள். வாயின் ஒரு பக்கம் மட்டும் கோணிக்கொண்டு அழுதாள். நானும்தான். குழாயைத் திறக்கப் போகவில்லை.

கைக்கு இரண்டு என்றால் ஆறு ஆகிறதே என்று கடைசியில் கேட்டுப் பார்த்தேன். "போதும்" என்றாள். நீலமுகம் எனக்கு இடது. வலதுக்குப் பெரிய திருகு வைத்த மூக்கன். சோம்பேறியை அவள் எடுத்து, கட்டிவிடச் சொல்லி இடது கையை நீட்டினாள். மற்ற ஐந்தையும் சாயங்காலம் கடைக்காரர் வந்து வாங்கிக்கொண்டு போனார். ஏழா எட்டா என்று அவர் கேட்கவில்லை.

ஏப்ரல் 20, திங்கள்

மகள் வீடு. ஜன்னலுக்கு எதிரே அடுத்த கட்டடத்தின் சுவர். பழகவில்லை. பகலில் யாரும் இருப்பதில்லை. சில நாள் எதற்கு எழுந்திருக்கிறோம் என்றே தெரியவில்லை.

டீச்சர் இடது கையால் எண்கள் எழுதிப் பழகுகிறாள். ஐந்து மல்லாந்து விழுகிறது. கோபத்தில் தாளைக் கிழிக்கிறாள். சோம்பேறி ஒரு நாளைக்குப் பாதி ஓடுகிறது, பாதி நிற்கிறது. நிற்கும்போது நாங்கள் இருவருமே பேசுவதில்லை.

கை வராது என்று இங்கேயிருக்கும் டாக்டரும் சொல்லிவிட்டார்.

மணிக்கட்டுப் புண் ஆறிவிட்டது. காலையில் அந்தக் கையை இப்போது நான்தான் தூக்கி ஆட்டிவிடுகிறேன், இறுகிப்போகாமல் இருக்க. என் வாட்ச் இரண்டையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் தொடுவேன், உரசிவிடும். அவள் எண்ணுகிறாள். இருபது என்பது பிசியோ கணக்கு. பதினெட்டு அவள் வாயில் வருவதில்லை. அதனால் பதினேழிலிருந்து மறுபடி ஒன்றுக்குப் போகிறாள், நானும் மறுபடி ஒன்றிலிருந்து ஆட்டுகிறேன்.