இரண்டாம் தரம் நடந்தது

ராத்தா,

என் முழங்கால் நோவுக்கென்று மகள் இன்று காலை நல்லெண்ணெயில் உள்ளிப்பூண்டு போட்டுக் காய்ச்சினாள். அந்த மணம் மூக்கில் ஏறியதும் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். "என்னும்மா, சுகமில்லையா?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். உம்மா உங்கள் காலில் தேய்த்துவிடும் எண்ணெய் அது.

காய்ச்சலில் சூம்பிப்போன உங்கள் இடது காலை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று நான் உங்களிடம் சொன்னதேயில்லை. ஐம்பதுகளின் தொடக்கம், எனக்கு ஐந்து வயது. தொடையில் கையை ஊன்றி, தோளைச் சாய்த்து, எழும்பி எழும்பி நீங்கள் நடப்பதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். மற்றவர்கள் நடப்பதெல்லாம் அதற்குப் பக்கத்தில் சப்பென்றிருக்கும். கல்முனை வீட்டு வளவில், தென்னைகளுக்குப் பின்னால், நானும் அப்படி நடந்து பழகினேன். உம்மா ஒருநாள் கண்டுவிட்டார். "சீ! அப்பிடி நடந்தா உனக்கும் வரும்" என்று காலிலேயே அடித்தார்.

நம் இருவருக்கும் நடுவில் பிறந்த சின்ன ராத்தாவைப் பெண் பார்க்க அட்டாளைச்சேனையிலிருந்து மூன்று பெண்கள் வந்தார்கள். உம்மா உங்களைக் குசினிக்குள் அடுப்பருகே இருக்கச் சொல்லிக் கதவைச் சாத்தினார். எனக்கு அது விளங்கவில்லை. அவர்கள் முன்னால் உங்களைப்போலவே நடந்து போனேன்.

"என்ன புள்ள, கால்ல முள்ளா?" என்றார் மாப்பிள்ளையின் தாய்.

"இல்ல. எங்கட பெரிய ராத்தா இப்பிடித்தான் நடப்பா."

மூவரும் சிரித்தார்கள். "மறுகா ஒருக்கா நடந்து காட்டு, மகள்."

நடந்தேன். தோளை இன்னும் கூடுதலாகச் சாய்த்தேன். வெற்றிலைச் சாறு வழிய மாப்பிள்ளையின் தாய் சிரித்தார். வாயைத் துடைத்த அதே கையால் இனிப்புத் தொதல் துண்டொன்றை என் வாயில் வைத்தார். உம்மாவும் சிரித்தார். நான் விழுங்கினேன். சாத்திய கதவுக்கு அப்பால் நீங்கள் எல்லாவற்றையும் கேட்டிருப்பீர்கள்.

சம்பந்தம் வேண்டாமென்று சொல்லியனுப்பினார்கள். உம்மா என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. "உன்னாலதான்" என்று உங்கள்மேல் பாய்ந்தார். அடுத்த தடவை ஆட்கள் வந்தபோது, யாரும் சொல்லாமலே நீங்கள் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். அந்தச் சம்பந்தம் சரிவந்தது.

கலியாணம் முடிந்து வீடு அடங்கிய பிறகுதான் என்னிடம் கேட்டீர்கள்.

"ஏன் புள்ள அண்டைக்கு அப்பிடி நடந்த?"

"நீங்க நடக்கிறது பாக்க வடிவா இருந்திச்சு, ராத்தா."

"வடிவா?"

சூம்பிய காலை நீட்டிப் பார்த்தீர்கள். பிறகு மெதுவாக, "எங்க, எனக்கும் ஒருக்கா நடந்து காட்டு. நான் நடக்கிறத நான் எப்ப கண்டன்?" என்றீர்கள்.

குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே பார்க்கத்தான் கேட்டீர்கள். நான் நடக்கவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீங்கள் என் தலையைத் தடவிவிட்டு எழுந்து போய்விட்டீர்கள்.

முதல் தரம் ஆசையில் நடந்தேன். அதற்கு எனக்கு வெட்கமில்லை. இரண்டாம் தரம் அவர்கள் சிரிக்கட்டுமென்று நடந்தேன். அந்த ஐந்து வயதுப் பிள்ளையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அருவருக்கிறது, ராத்தா. பல்லிளித்தவர்களுக்கு நடந்து காட்டியவள், உங்களுக்கு ஒரு தரம் நடந்து காட்டவில்லை.