ஒரே குடும்பத்து வண்டி

அப்பாவுக்கு,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனில் கேட்க வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நாகரசம்பட்டி பண்ணைக்காரரின் அறுபத்து நாலு மாடல் ஃபியட் ஜூஜுவாடியில் என் பழைய கார் கடைக்கு விற்பனைக்கு வந்தபோது, அவரிடம் டிரைவராக முப்பது வருடம் அதை ஓட்டிய நீங்கள் ஆசையாகப் பார்க்க வந்தீர்கள். அந்த நேரம் வண்டி வாங்க பெங்களூர்க்காரர் ஒருவரும் வந்தார். பழைய வண்டி ஒரே குடும்பத்தில் இருந்ததென்றால்தான் அவருக்குப் பிடிக்கும். "எங்க தாத்தா வாங்குனது சார்" என்று சொல்லிவிட்டேன்.

"இவரு யாரு?" என்று உங்களைக் காட்டினார்.

"எங்க பழைய டிரைவர்."

நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "சாவியக் குடுங்க சின்னய்யா, ஸ்டார்ட் பண்ணிக் காட்டறேன்" என்று கை நீட்டினீர்கள். வண்டி அன்றே விற்றுப்போனது.

திங்கட்கிழமை அவர் போன் செய்தார். வண்டி கிளம்பவில்லை, அந்த டிரைவரை அனுப்புங்கள் என்றார்.

"அவரு எங்கப்பா சார்" என்றேன்.

 "அப்போ நீங்க சொன்னதுல வேற எதெல்லாம் பொய்?" என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். வண்டி திரும்பி வந்துவிட்டது.

ஞாயிறு வீட்டுக்கு வரட்டுமா? நீங்கள் திட்டினால் தாங்கிக்கொள்வேன். ஒன்றுமே கேட்காமல் சோறு போடச் சொல்வீர்களே, அதற்குத்தான் பயமாக இருக்கிறது.

உங்கள் மகன்